வங்காலையா, நந்திக்கடலா? 24 பிள்ளைகளுடன் பறவை பார்க்கப் போவது பற்றி ஒரு கேள்வி

முள்ளியவளை ரீச்சர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முள்ளியவளைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தரம் 8, 9 பிள்ளைகள் 24 பேர் சேர்ந்த சுற்றாடல் கழகம் ஒன்று என் பொறுப்பில் இருக்கிறது. பெப்ரவரி 2ஆம் திகதி வரும் உலக ஈரநில தினத்தை நாங்கள் ஒவ்வொரு வருடமும் ஒரு சுவரொட்டிப் போட்டியுடன் முடித்துவிடுவது வழக்கம். சென்ற தடவை முதற்பரிசு பெற்ற சுவரொட்டியில் தாமரைக் குளமும் அதில் இரண்டு அன்னங்களும் இருந்தன. வரைந்த பிள்ளையின் வீட்டிலிருந்து நந்திக்கடல் களப்புக்குச் சைக்கிளிலேயே போய்விடலாம். பிள்ளையைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஏனென்றால் சேற்றோரம் மேயும் ஓர் உள்ளானைக் காட்டி அது எந்த உள்ளான் என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியாது.

இந்த வருடம் பிள்ளைகளை நேரில் கூட்டிக்கொண்டு போக அதிபர் சம்மதித்திருக்கிறார். மன்னாரிலுள்ள வங்காலைச் சரணாலயத்தைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் இங்கிருந்து மாங்குளம், மல்லாவி, வெள்ளாங்குளம் வழியாகப் போனால் பஸ்ஸில் ஒரு வழிக்கே மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும் என்கிறார்கள். அங்கே பிள்ளைகள் நடந்து பார்க்கக்கூடிய பாதைகள் இருக்கின்றனவா, நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டுமா, எந்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும், கால் புதையும் சேறு எங்கே இருக்கும் என்ற விபரங்களை அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். எங்களிடம் இருப்பவை இரண்டு தொலைநோக்கிகள். அவற்றில் ஒன்றின் ஒரு கண்ணாடிக்குள் பூஞ்சணம் பிடித்திருக்கிறது. இன்னும் நான்கு வாங்கப் பெற்றோர் சங்கம் காசு தருவதாகச் சொல்லியிருப்பதால், எந்த அளவில் வாங்குவது என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.

உவர்வெளி எழுதியது:

ரீச்சருக்கு வணக்கம். நான் மன்னார்க்காரன். பன்னிரண்டு வருடங்களாக இந்த வெளியில் பறவை பார்த்து வருகிறேன். அது என் தொழில் அன்று, சனிக்கிழமைப் பைத்தியம் என்றுதான் வீட்டில் சொல்வார்கள்.

பூங்கா என்ற நினைப்புடன் வந்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும் என்பதால் அதை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். வங்காலை 2008ஆம் ஆண்டில் சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 4,839 ஹெக்டயர் பரப்புடைய இந்த இடம் 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது, புந்தல, ஆனைவிழுந்தான், மாதுகங்கை ஆகியவற்றுக்கு அடுத்ததாக இலங்கையின் நான்காவது ராம்சார் ஈரநிலமாயிற்று. மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் வீதி இதன் ஊடாகவே செல்கிறது. வீதியின் இரண்டு பக்கமும் உவர்நிலமும் களப்பும் கண்டலும் முட்பற்றையுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை கிடக்கின்றன. வாயில் எங்கே என்று தேடிக்கொண்டு பஸ்ஸை விட்டால், சரணாலயம் முழுவதையும் கடந்து தலைமன்னார் இறங்குதுறையில் போய் நிற்பீர்கள். சட்டத்திலும் சரணாலயத்துக்கும் தேசிய பூங்காவுக்கும் வேறுபாடு உண்டு: சரணாலயத்துக்குள் தனியார் காணியும் மக்கள் நடமாட்டமும் இருக்கலாம், தேசிய பூங்காவுக்குள் அனுமதிச் சீட்டின்றிக் காலெடுத்து வைக்க முடியாது. ஆகவே உங்களுக்கு நுழைவுச் சீட்டுத் தேவைப்படாது. இருந்தாலும் 24 பிள்ளைகள் ஒன்றாக வருவதால் வனசீவராசிகள் திணைக்களத்தின் மன்னார் அலுவலகத்துக்கு அதிபரின் கையொப்பத்துடன் ஒரு கடிதம் அனுப்பி வையுங்கள். அலுவலர் ஒருவர் கூட வந்தால் பிள்ளைகளின் பாதிக் கேள்விகளுக்கு அவரே பதில் சொல்லிவிடுவார்.

பலகை போட்ட நடைபாதையை எதிர்பார்க்க வேண்டாம். நான் நடப்பது மாட்டுத் தடங்களிலும், மீன்பிடிப்பவர்கள் போய் வந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதைகளிலும், வெளியோரத்துத் திடல்களிலுந்தான். வீதிக்குச் சமாந்தரமாகத் தண்டவாளம் போகிறது. அந்த மேட்டில் ஏறி நின்றால் எல்லாம் நன்றாகத் தெரியும் என்பது பிள்ளைகளுக்கு வந்த உடனேயே விளங்கிவிடும்; ஆனால் 2015இல் தலைமன்னார் வரை ரயில் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டதால், அங்கே ஒருவரையும் ஏற விடாதீர்கள். பஸ்ஸையும் வீதி ஓரத்தில் நிறுத்தாமல், அகலமான இடம் பார்த்து முற்றாக இறக்கி நிறுத்தச் சொல்லுங்கள். இது நேர்வீதி, வாகனங்கள் பறக்கும்.

போகும் இடத்தை விட அங்கே அன்றைக்கு நிற்கும் தண்ணீரின் ஆழத்தை விசாரித்துக்கொள்வதுதான் முக்கியம் என்பது என் அனுபவம். உள்ளானுக்குக் கணுக்கால் நனையும் தண்ணீர் போதும், அதற்கு மேல் ஏறினால் அது வேறிடம் பார்த்துப் போய்விடும். ஊசிவால் தாரா தலையைக் கீழே விட்டு வாலை மேலே தூக்கி அடிச்சேற்றை மேய்கிற பறவை, அதன் கழுத்துக்கு எட்டுகிற ஆழம் இரண்டு சாண். பூநாரைக்கு நீண்ட கால் இருப்பதால் அது இன்னும் உள்ளே நிற்கும். மார்கழி மழையில் வெளி முழுவதும் நிரம்பி வழியும்போது பறவைகள் எங்கும் சிதறிப்போய்விடுவதால், புதிதாக வருபவருக்கு ஒன்றும் இல்லாதது போலத் தோன்றும். மழை விட்டுத் தை, மாசியில் தண்ணீர் வற்றி ஒடுங்க ஒடுங்க, அத்தனையும் மிச்சமிருக்கிற தண்ணீரைச் சுற்றிக் கூடும். அதனால் நீங்கள் சொன்ன பெப்ரவரி 2 மிகப் பொருத்தமான நாள். மன்னார்க் கடலில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்குள் அடங்கிவிடும் என்றாலும், வாடைக்காற்று பலத்து வீசும் நாளில் தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கி, நேற்று இல்லாத சேற்றுத்திட்டு இன்று வெளிப்பட்டிருக்கும். காலையில் எனக்கு ஒரு தகவல் போட்டால் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்வேன்.

காலை 7 மணிக்கு முன்னே வந்து நிற்க வேண்டும். ஒரு முறை வவுனியாவிலிருந்து வந்த என் மருமக்களைச் சித்திரை மாதத்தில், அதுவும் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு கூட்டிக்கொண்டு போனேன். வலசைப் பறவைகள் திரும்பிப் போய்விட்டன, வெளியில் கானல் ஆடியது, தொலைநோக்கிக்குள் எல்லாமே நெளிந்தன. அவர்கள் கண்டது ஏழு கழுதைகள். இன்றைக்கும் வங்காலை என்றால் கழுதை என்றுதான் சொல்கிறார்கள். (மன்னாரின் கட்டாக்காலிக் கழுதைகள் உங்கள் பிள்ளைகளின் கவனத்தையும் நிச்சயம் கலைக்கும். அதற்கென்று பத்து நிமிடத்தை ஒதுக்கி வையுங்கள்.) முல்லைத்தீவிலிருந்து ஏழு மணிக்கு வந்து சேர்வதென்றால் இரவு மூன்றரைக்கே புறப்பட வேண்டியிருக்கும். முதல் நாள் மன்னாரில் தங்க இடம் பார்ப்பதுதான் நல்லது.

என்ன பார்ப்பீர்கள் என்றால், வடக்கேயிருந்து மத்திய ஆசிய வான்வழியாக இறங்கிவரும் பறவைகளுக்கு இலங்கை அந்த வழியின் தெற்கு முனை. அதற்குள் பல பறவைகளுக்கு மன்னார்தான் வாசற்படி. ஊசிவால் தாராவும், நெற்றியில் வெண்மஞ்சள் நாமம் இட்டது போலிருக்கும் நாமத்தலைத் தாராவும் ஆயிரக்கணக்கில் கூடியிருக்கும். நாமத்தலைத் தாராக்களில் ஆண் சீழ்க்கையடிக்கும், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பாடசாலை விட்ட நேரம் போல இருக்கும். கருவால் மூக்கன், பட்டாணி உப்புக்கொத்தி, பவளக்கால் உள்ளான், கரண்டிவாயன், மஞ்சள் மூக்கு நாரை, பெரிய ஆலா, கடற்காகம் எல்லாம் எளிதில் தெரியும். வளைந்து நீண்ட அலகுடைய கோட்டான் (ஆந்தையல்ல, இது ஒரு கரையோரப் பறவை) கிடைத்தால் அதை விடாமல் பத்து நிமிடம் பார்க்கச் சொல்லுங்கள். நண்டுப் பொந்துக்குள் அலகை அடிவரை விட்டு இழுத்தெடுக்கும். எடுத்த நண்டை உதறி உதறிக் காலெல்லாம் கழன்று விழுந்த பிறகு உடலை மட்டும் விழுங்கும். அதிர்ஷ்டம் இருந்தால் நண்டுதின்னி உள்ளானையும் காணலாம். கறுப்பும் வெள்ளையுமான அந்தப் பறவை, கரையோரப் பறவைகளுக்குள் மணலில் பொந்து தோண்டி முட்டையிடும் ஒரே இனம்.

தொலைநோக்கிக்கு 8×42 வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெருப்பிக்கும் என்பது, இரண்டாவது முன் கண்ணாடியின் விட்டம் மில்லிமீற்றரில். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். பிள்ளைகளின் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெருக்கும் என்பதை அவர் சொல்ல மாட்டார்.

சிறகுவலை எழுதியது:

ரீச்சர், நான் வட்டுவாகல் பக்கத்து ஆள். தகப்பன் காலத்திலிருந்து நந்திக்கடலில் இறால் பிடிக்கிறோம். மன்னார் அண்ணா எழுதியதில் பிழை பிடிக்க எனக்கு ஒன்றுமில்லை. வங்காலையை ஒரு முறையாவது பார்க்கத்தான் வேண்டும். ஆனால் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் தடவையென்றால், ஆறு ஏழு மணித்தியாலம் பஸ்ஸில் குலுங்கிச் சத்தியெடுத்து, இரண்டு மணித்தியாலம் பார்த்துவிட்டுத் திரும்புவதில் என்ன கிடைக்கும்? வற்றாப்பளை அம்மன் கோவிலுக்குப் பின்னால் போய் நின்றாலே அவர் சொன்ன பறவைகளில் முக்கால்வாசியைக் காணலாம். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீரில் விளக்கெரிப்பதைப் பார்க்க அங்கே கூடுகிற சனம், கோவிலுக்குப் பின்னால் இருக்கிற தண்ணீரைத் திரும்பிப் பார்ப்பதில்லை. வைகாசியில் பார்த்தாலும் பயனில்லை என்பது வேறு கதை. அப்போது வரத்துப் பறவைகள் போய்விடும்.

தண்ணீர்க் கணக்கு அவர் சொன்னது போலத்தான், ஆனால் எங்கள் பக்கத்துக் கணக்கில் ஒரு கூடுதல் வரி இருக்கிறது. முத்துஐயன்கட்டுக் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் பேராறு வழியே நந்திக்கடலுக்குத்தான் வந்து சேரும். கடலுக்கும் களப்புக்கும் இடையில் வட்டுவாகலில் உள்ள தொடுவாயை மணல் மூடியிருந்தால், தண்ணீர் போக வழியில்லாமல் கரையோர வயல் வரை ஏறிவிடும். வயல்காரருக்குத் தொடுவாயை உடனே வெட்ட வேண்டும், எங்களுக்கு இறாலைப் பார்த்து வெட்ட வேண்டும். அந்தப் பேச்சுவார்த்தை ஒவ்வொரு மாரிக்கும் நடக்கிற திருவிழா. வெட்டிவிட்டால் சில நாட்களுக்குள் தண்ணீர் சர்ரென்று இறங்கிக் கரையோரமெல்லாம் புதுச்சேறு வெளிப்படும், அன்றிலிருந்து பறவைக்கும் திருவிழாதான். ஆகவே குறித்த திகதியை மட்டும் நம்பி வராமல், தொடுவாய் திறந்து எத்தனை நாளாயிற்று என்று எங்களில் ஒருவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

காலையில் வெயில் கடற்பக்கமிருந்து வரும். வட்டுவாகல் பக்கத்துக் கரையிலிருந்து மேற்கே பார்த்தால் சூரியன் முதுகில் இருக்கும், பறவையின் நிறம் கண்ணாடி போலத் தெரியும். வற்றாப்பளைக் கரையில் நின்றால் அதற்கு எதிர்மாறு, காலையில் எல்லாம் கறுப்பு நிழல்தான், பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு நன்றாக இருக்கும். வட்டுவாகல் பாலத்தில் மட்டும் பிள்ளைகளை நிறுத்தாதீர்கள். ஒடுங்கிய பாலம், பஸ் வந்தால் ஒதுங்க இடமில்லை.

சேற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலே வெடித்துக் காய்ந்து பாளம் பாளமாக இருக்கும், காலை வைத்தால் அடியில் கூழ். என் சொந்த மச்சான், இந்தக் களப்பிலேயே பிறந்து வளர்ந்தவர், போன வருடம் தொடை வரை இறங்கி, ஒரு செருப்பை நந்திக்கடலுக்குக் காணிக்கை கொடுத்துவிட்டு வந்தார். மாட்டுக் குளம்படி ஆழமில்லாமல் பதிந்திருக்கிற இடம் மனிதரைத் தாங்கும். உமிரி படர்ந்த இடமும் பெரும்பாலும் தாங்கும். ஒன்றும் முளைக்காமல் மினுமினுவென்று இருக்கிற இடத்துக்குப் போகக் கூடாது. கண்டல் ஓரத்தில் தில்லை மரமும் நிற்கும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே மறைத்துவிடும், தோலில் பட்டால் கொப்பளிக்கும். இலை பறிக்கிற கையுள்ள பிள்ளைகளை முன்கூட்டியே கண்டித்து வையுங்கள்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். 2009 மே மாதம் அந்தக் கரையில் நடந்ததை நான் இங்கே விரிக்கப் போவதில்லை, உங்கள் பிள்ளைகளில் யார் வீட்டில் என்ன இழப்பு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இடத்தின் பெயரைச் சொல்லித் தாய் தகப்பனிடம் சம்மதம் வாங்குங்கள். வர மனமில்லாத பிள்ளையை வற்புறுத்த வேண்டாம். நடந்து தேய்ந்த தடத்தை விட்டு ஒருவரும் விலகக் கூடாது. துருப்பிடித்த எதைக் கண்டாலும் தொடாமல் உங்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்பதையும் பஸ் ஏற முன்னரே சொல்லிவிடுங்கள்.

நாயாற்றுப் பாலமும் கொக்கிளாயும் அடுத்த தடவைக்கு இருக்கட்டும். கொக்கிளாய்க் களப்பு 1951இலேயே சரணாலயமான இடம், தண்ணீர் பரந்தது, பறவையும் அதிகம். ஆனால் ஆற்று முகங்களில் முதலை உண்டு, பொழுது சாய்ந்தால் வீதியில் யானையும் உண்டு. 24 பிள்ளைகளுடன் எனக்கு அங்கே போக மனம் வராது.

கண்டாவளையான் எழுதியது:

சுண்டிக்குளத்தை ஒருவரும் குறிப்பிடாதபடியால் இதை எழுதுகிறேன். 1938இல் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்ட இடம் அது, பரப்பு 19,565 ஹெக்டயர். இரணைமடு வான் பாயும் தண்ணீர் கனகராயன் ஆறு வழியாக அங்கேதான் சேர்கிறது. தேசிய பூங்கா என்பதால் முன் அனுமதி கட்டாயம். கண்ணிவெடி அகற்றிய நிலமா என்பதையும் அந்தந்தத் துண்டுக்குத் திணைக்களத்திடமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதால், பாடசாலைப் பயணத்துக்கு நானும் இதைச் சிபாரிசு செய்யவில்லை. ரீச்சர் தனியாக யாழ்ப்பாணம் போகும் நாளில் ஆனையிறவில் பஸ்ஸின் கிழக்குப் பக்க யன்னலோரம் இருந்து பாருங்கள்; தண்ணீர் குறைந்த மாதங்களில் தூரத்தில் வெள்ளைக் கோடு போலத் தெரிவது உப்பாகவும் இருக்கலாம், பூநாரையாகவும் இருக்கலாம். கோடு அசைந்தால் பூநாரை.

எண்ணிக்கை எடுக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்று கண்ணில் நிறுத்தி, அந்த அளவால் கூட்டத்தை அளந்துகொண்டு போக வேண்டும். 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் பெருங்கூட்டங்களை எண்ணுபவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் எண்ணுகிறார்கள்.

முள்ளியவளை ரீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக முன் நான் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று, நேற்றுச் சனிக்கிழமை என் தம்பியுடன் மோட்டார் சைக்கிளில் போனேன். சிறகுவலை அண்ணா சொன்னபடி காலையில் வட்டுவாகல் பக்கக் கரை, பின்னேரம் வற்றாப்பளை என்று இரண்டு நேரமும் போய் வந்தோம்.

தொடுவாய் திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. காலை 6.40க்கு முதலில் தெரிந்தது ஆட்காட்டிதான். நாங்கள் வருவதை ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுப் பறந்தது. சற்றுப் பொறுத்து இருந்த பிறகு சேறு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடமே அசையத் தொடங்கியது. அவ்வளவும் உப்புக்கொத்திகள், சேற்றின் நிறத்திலேயே இருந்திருக்கின்றன. அதற்கு அப்பால் பூநாரைகள் நின்றன. பத்துப் பத்தாக எண்ணியதில் எனக்கு 60 வந்தது, தம்பிக்கு 80 வந்தது. அவற்றில் பல இளஞ்சிவப்பாக இல்லாமல் சாம்பல் பூத்த வெள்ளையாக இருந்ததால் வேறு நாரையோ என்று முதலில் மயங்கினேன். அவை இளம் பறவைகள், தின்னும் சிறு இறாலினங்களிலும் பாசியிலும் உள்ள நிறமி உடம்பில் சேரச் சேரத்தான் சிவப்பு ஏறும் என்பது பிறகு நினைவுக்கு வந்தது. நாங்கள் எழுந்து இருபது எட்டு வைத்திருப்போம், மேய்ந்துகொண்டிருந்த தலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. அதற்கு மேல் நகரவில்லை. பிள்ளைகள் வரும்போதும் அந்த இடத்தில் ஒரு கயிறு கட்டி எல்லை வைக்க எண்ணியிருக்கிறேன்.

பின்னேரம் வற்றாப்பளைப் பக்கம் நடந்தபோது, தண்ணீர் வடிந்த சேற்றில் வட்ட வட்டமாகக் குழிகளைக் கண்டேன். சுளகு அளவில் ஒரு வட்டம், ஓரம் வாய்க்கால் போலத் தாழ்ந்து, நடுவில் சின்ன மேடு. ஒன்றிரண்டு அல்ல, வரிசை வரிசையாக நிறைய இருந்தன. எருமை கிடந்த இடம் என்றான் தம்பி. எருமை இவ்வளவு அளவாகக் கிடக்குமா என்று எனக்குச் சந்தேகம். கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். இது என்னவென்று யாருக்காவது தெரியுமா? வங்காலையை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைத்துவிட்டோம். பிள்ளைகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து, ஒரு குழு வட்டுவாகலுக்குக் காலையிலும், மற்றது வற்றாப்பளைக்குப் பின்னேரமும் போவதாக முடிவு.

உவர்வெளி எழுதியது:

எருமை இல்லை, ரீச்சர். பூநாரை அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் நடுவில் வைத்துக்கொண்டு, கால்களால் சேற்றை மிதித்து மிதித்து அலகைச் சுற்றியே வட்டமிடும். மிதிபட்ட சேற்றிலிருந்து கிளம்பும் சிற்றுயிர்களை, அலகின் ஓரத்திலுள்ள சீப்புப் பற்கள் போன்ற அமைப்பால் வடித்தெடுக்கும். கால் சுற்றிய இடம் வாய்க்காலாகிறது, அலகு நின்ற இடம் மேடாகிறது. தண்ணீர் வடிந்த பிறகு தெரிவது அந்தத் தடம். பன்னிரண்டு வருடத்தில் இங்கே நான் நாலைந்து முறைதான் தெளிவாகக் கண்டிருக்கிறேன். சேறு காய்ந்து வெடிக்க முன்னர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். வட்டத்தின் குறுக்களவை ஒரு கயிற்றால் அளந்து, பத்து வட்டத்துக்கு எழுதி வரச் சொன்னால் கணித ரீச்சருக்கும் ஒரு பாடம் மிச்சம். படத்தை இங்கே போடுங்கள், எனக்கும் வேண்டும்.

சிறகுவலை எழுதியது:

இத்தனை வருடமாக நான் அதை எருமைக் குழி என்றே நினைத்திருந்தேன் என்பதை என் மச்சானிடம் யாரும் சொல்லிவிட வேண்டாம்.

ரீச்சர், அளக்கப் போகும்போது ஆளுயரத் தடி ஒன்றைக் கொண்டு போங்கள். ஒவ்வொரு எட்டுக்கும் முன்னால் ஊன்றிப் பார்த்து, ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் அதோடு நில்லுங்கள், எவ்வளவு அழகான வட்டம் அப்பால் தெரிந்தாலும். ஒரே நேரத்தில் மூன்று பிள்ளைகளுக்கு மேல் இறக்க வேண்டாம், மற்றவர்கள் புல்லுத் தரையிலேயே நிற்கட்டும். பன்னிரண்டு பிள்ளைகளையும் தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் இல்லாமல் கூட்டி வந்துவிடாதீர்கள், அந்த வெளியில் ஒதுங்க ஒரு பனை நிழல்கூட இல்லை. நான் அன்று காலை ஆறு மணிக்கே வட்டுவாகலில் நிற்பேன், பின்னேரம் வற்றாப்பளைக்கு என் பெறாமகன் வருவான். தண்ணீருக்குள் வரிசையாக நட்டிருக்கும் கம்புகளைப் பிடித்து ஆட்ட வேண்டாம் என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். அது பறவை இருக்கப் போட்ட கம்பு இல்லை, என்னுடைய சிறகுவலை. ஒரு கம்பு சரிந்தாலும் அன்றிரவு வர வேண்டிய இறால் பக்கத்து ஆளின் வலைக்குத்தான் போகும்.